ஃபாலிஜ் கண்டவர்கள்: பக்கவாதமும் மீண்டெழுதலும் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் கூஃபா நகரில் ரபீஃ பின் குஸைம் (ரஹ்) என்றொரு தாபியீ வாழ்ந்தார். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் சிறந்த மாணவர்களுள் ஒருவர்; பேச்சைச் சுருக்கி வணக்கத்தைப் பெருக்கியவர் என்று அறியப்பட்டவர். முதுமையில் அவரை ஃபாலிஜ் என்னும் பக்கவாதம் தாக்கியது. அதன் பின்னரும் அவர் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்தவில்லை. இருபுறமும் இருவர் தாங்கிக்கொள்ள, கால் இழுபட வந்து ஸஃப்பில் சேர்வார். உங்களுக்குச் சலுகை இருக்கிறதே, வீட்டிலேயே தொழுதுகொள்ளலாமே என்று தோழர்கள் கூறினர். சலுகை உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் தொழுகைக்கு அழைக்கும் குரல் தம் செவியில் விழுகிறது என்றும், அதைக் கேட்பவர் தவழ்ந்தேனும் பதிலளிக்கட்டும் என்றும் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

இந்தச் செய்தியை நான் மதரஸாவில் பல ஆண்டுகளாக ஜமாஅத் தொழுகையின் சிறப்பைக் கூறும் பாடத்தில் சொல்லி வந்திருக்கிறேன். என் பெரியவாப்பா ஒரு நாள் ஸுப்ஹுக்குப் பின் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாமல் கீழே விட்டதற்குப் பிறகுதான், இச்செய்தியில் இருந்த ஒரு சொல் என் கண்ணில் பட்டது. தவழ்ந்தேனும் என்ற சொல். அதற்குப் பின்னர் வருவேன்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். அரபியில் ‘ஃபலஜ’ என்றால் ஒன்றை இரண்டாகப் பிளத்தல். உடலை நடுவே பிளந்து ஒரு பாதியை எடுத்துக்கொள்வதால் அந்நோய்க்கு ஃபாலிஜ் என்று பெயர் வந்தது. உர்து பேசும் நம் சகோதரர்கள் இன்றும் அந்தப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். நம் தமிழில் பக்கவாதம், பாரிசவாதம் என்கிறோம். பாரிசம் என்றாலும் பக்கம்தான். நோயின் காரணம் யாருக்கும் தெரியாத காலத்தில், கண்ணால் கண்டதை வைத்தே இரு மொழிகளும் பெயர் சூட்டியிருக்கின்றன.

நம் முன்னோர்களில் இந்நோய் கண்டவர்கள் பலர். உஸ்மான் (ரலி) அவர்களின் மகன் அபான் (ரஹ்) மதீனாவின் ஆளுநராக இருந்தவர். காலையிலும் மாலையிலும் மும்முறை ஓதினால் திடீர்த் துன்பம் அணுகாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் துஆவை, தம் தந்தை வழியாக நமக்கு அறிவித்தவர் அவரே. அவருக்கே பக்கவாதம் வந்தது. அந்த ஹதீஸை அவரிடம் கேட்டிருந்த ஒருவர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் பொருள் அபானுக்குப் புரிந்தது. தாமும் பொய் சொல்லவில்லை, தம் தந்தையும் பொய் சொல்லவில்லை, நோய் தாக்கிய அன்று சினம் கொண்டிருந்ததால் ஓத மறந்துவிட்டதாக அவர் விளக்கினார். இது அபூதாவூதில் உள்ளது. திர்மிதீயில், அல்லாஹ்வின் விதி நிறைவேறும் பொருட்டு அன்று ஓதாமல் போனதாகக் கூறுகிறார்.

ஒரு நோயாளியை உற்றுப் பார்க்கும் அந்தப் பார்வை இன்றும் நம்மிடம் இருக்கிறது. ‘என்ன பாவம் செய்தாரோ’, ‘ஓதிப் பார்த்தீர்களா’ என்று நலம் விசாரிக்க வந்தவர்களே கேட்கிறார்கள். தாமே அறிவித்த ஹதீஸ் தம் உடலுக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல் தோன்றிய வேளையில், அபான் (ரஹ்) ஹதீஸையும் கைவிடவில்லை; தம்மைத் தாமே இழித்துக்கொள்ளவும் இல்லை. நோயாளியின் வீட்டுக்குப் போகும் முன் அந்தச் செய்தியை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிளும் தம் கடைசி ஆண்டுகளை இந்நோயோடு கழித்து, ஹிஜ்ரி 255இல் மறைந்தார். நலம் கேட்க வந்தவரிடம், தம் ஒரு பக்கத்தைக் கத்தரியால் நறுக்கினாலும் தெரியாது, மறு பக்கத்தில் ஈ உரசினாலும் தாங்க முடியாது என்னும் கருத்துப்பட அவர் சொன்னதாகக் கூறுவர். ஒரு பக்கம் வாதம், மறு பக்கம் மூட்டுநோய். நோயுற்ற நிலையிலும் நகைச்சுவை அவரை விட்டுப் போகவில்லை.

மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? தலையின் ஒரு பக்கம் அடிபட்டால் உடலின் மறு பக்கம் பாதிக்கப்படுவதைக் கிரேக்கர்கள் கவனித்திருந்தனர். நரம்புகள் குறுக்காகக் கடந்து செல்கின்றன என்று கப்படோக்கியாவின் அரிட்டேயஸ் விளக்கம் கூறினார். அந்த அறிவு அரபிக்கு வந்தது. இப்னு ஸீனா (ரஹ்) தம் ‘அல்கானூன்’ நூலில் ஃபாலிஜுக்குத் தனி இடம் ஒதுக்கினார். அதே நூலின் முதல் பாகத்தில் உடற்பயிற்சி பற்றி அவர் எழுதியிருப்பது வியப்பூட்டும். மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்கும்படி நம் விருப்பத்தால் செய்யும் அசைவே பயிற்சி என்று வரையறுக்கிறார். ஊஞ்சலும் படகுப் பயணமும்கூட அவர் பட்டியலில் மென்மையான பயிற்சிகள். கையால் தேய்த்துவிடுவதிலும் வன்மையானது இறுக்கும், மென்மையானது தளர்த்தும் என்று வகை பிரிக்கிறார்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபாலிஜுக்கு அன்று தரப்பட்ட சிகிச்சை பெரும்பாலும் மருந்தும் எண்ணெயும் கழிச்சலும்தான். சளி என்னும் பிசுபிசுத்த நீர் நரம்பை அடைத்துவிட்டது என்று கருதினார்கள்; ஆகவே அதை வெளியேற்ற முயன்றார்கள். இன்றைய பிசியோதெரபி முழுவதையும் இப்னு ஸீனா அன்றே சொல்லிவிட்டார் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அவருடைய புகழுக்கு அந்தப் பொய் தேவையில்லை.

மூளைக்குள் உண்மையில் நிகழ்வது என்ன என்பது 1658இல்தான் தெளிவாகத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் வெப்ஃபர், திடீரென வீழ்ந்து இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்து, அங்கே இரத்தம் கசிந்திருப்பதைப் பதிவு செய்தார். இரத்தக் கட்டி குழாயை அடைப்பதும் ஒரு காரணம் என்பது 19ஆம் நூற்றாண்டில் விளங்கியது. காரணம் விளங்கியும் நோயாளியின் நிலை மாறவில்லை. இரத்தம் எடுத்தார்கள்; படுக்க வைத்தார்கள். உடற்பயிற்சியை மருத்துவமாக்கும் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் ஓர் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1894இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் சேர்ந்து மசாஜ் பயின்றவர்களுக்கான சங்கம் ஒன்றை அமைத்தனர். பிரிட்டனில் இன்றைய இயன்முறை மருத்துவர்களின் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டனுக்கு வந்திருந்த பெர்டா போபாத் என்ற பெண்மணி, பக்கவாதம் கண்ட ஓர் ஓவியருக்குச் சிகிச்சை அளித்தபோது, இறுகிப்போன கை சில நிலைகளில் தளர்வதைக் கண்டார். அதுவரை நல்ல பக்கத்தைக் கொண்டு பிழைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் நோயுற்ற பக்கத்தின் மீது கை வைத்தார். 1951இல் ட்விட்செல் என்னும் மருத்துவர் 121 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, அசைவு எந்த வரிசையில் திரும்புகிறது என்பதை எழுதிவைத்தார்.

எனினும் அடிப்படைக் கேள்வி அப்படியே இருந்தது. சில கைகள் ஏன் திரும்புவதே இல்லை?

இதற்கான விடை குரங்குகளிடமிருந்து வந்தது. 1895இல் மாட், ஷெரிங்டன் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள், குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களை மட்டும் துண்டித்தார்கள். அசைவைத் தரும் நரம்புகள் அப்படியே இருந்தன. ஆயினும் குரங்கு அந்தக் கையை அதன்பின் பயன்படுத்தவே இல்லை. 1917இல் ஆக்டன், ஃபிரான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூளையில் காயம் ஏற்படுத்திய குரங்குகளின் நல்ல கையைக் கட்டிவைத்து, வாதம் கண்ட கையை வேலை வாங்கினார்கள். அது மீண்டது. அந்த ஆய்வை ஏறக்குறைய அரை நூற்றாண்டு யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு எட்வர்ட் டாப் என்பவர் அதே வழியில் சென்றார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலை 1981இல் பெரும் சர்ச்சையாகி நீதிமன்றம் வரை சென்றது. வாயில்லா உயிர்களுக்கு நேர்ந்த அந்தத் துன்பத்தைக் கடந்துதான் இந்த அறிவு நம்மை வந்தடைந்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

டாப் கண்டது இதுதான். நோய் தாக்கிய முதல் நாள்களில் கை அசையாது. நோயாளி முயல்கிறார், தோற்கிறார். மீண்டும் முயல்கிறார், பொருள் கீழே விழுகிறது. நல்ல கையால் எடுத்தால் வேலை முடிகிறது. இப்படி நாள்தோறும் நடக்க, ‘இந்தக் கை இனி இல்லை’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. சில வாரங்களில் வீக்கம் வடிந்து, கைக்கு ஓரளவு வலிமை திரும்பியிருக்கலாம். ஆனால் படித்த பாடம் மறையாது. முடிந்ததையும் செய்யாத நிலை அது. நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டி, மற்றக் கையையே வேலை செய்ய வைத்தால் அந்தப் பாடத்தை அழிக்கலாம் என்பது அவர் கண்ட சிகிச்சை. 222 பேரிடம் இரண்டு வாரங்கள் இம்முறையைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. அவர்கள் நோய் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆனவர்கள். கையின் திறன் உயர்ந்தது; ஓராண்டு கழித்தும் அந்த உயர்வு நிலைத்தது. மணிக்கட்டிலும் விரலிலும் சிறிதேனும் அசைவு உள்ளவர்களுக்கே இம்முறை பொருந்தும். முழுவதும் செயலிழந்த கைக்கு அன்று.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு ஃபிக்ஹ் விதி. ஒன்றில் இயலாத பகுதி இருக்கிறது என்பதற்காக இயன்ற பகுதி நீங்கிவிடாது என்பது அதன் கருத்து. இமாம் ஸுயூத்தீ (ரஹ்) தம் ‘அல்அஷ்பாஹ் வந்நளாயிர்’ நூலில் இதற்கு எடுத்துக்காட்டுகள் தருகிறார். கையின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டவர் எஞ்சிய பகுதியை உளூவில் கழுவ வேண்டும். ஃபாத்திஹாவில் சிறிதே தெரிந்தவர் அந்தச் சிறிதை ஓத வேண்டும். குனியவும் ஸுஜூது செய்யவும் முடியாதவருக்கு நிற்க முடியுமானால், ஷாஃபிஈ மத்ஹபின்படி நிற்பது கடமையாகவே இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. செயலிழந்த கையையும் உளூவில் கழுவியாக வேண்டும். அசையாவிட்டாலும் அது அவருடைய கைதான். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் வழிகாட்டியது புகாரியில் உள்ளது. சலுகை படிப்படியாக இறங்குகிறது. முதல் படியிலேயே படுக்கைக்குப் போய்விடச் சொல்லவில்லை.

தொழுகை ஒரு சிகிச்சை முறை என்று நான் சொல்ல வரவில்லை. அது இபாதத்; அதை உடற்பயிற்சியாக்கிப் பெருமை பேசுவது எனக்கு உவப்பன்று. நம் வீடுகளில் நடப்பது இவ்விரண்டுக்கும் எதிராக இருக்கிறது என்பதே என் கவலை.

பெரியவாப்பாவுக்கு வலப் பக்கம் விழுந்தது. பேச்சும் குழறியது. தண்ணீர் கேட்கச் சொல் வராதவருக்கு ஃபாத்திஹா சூரா தடையின்றி வந்தது; நெடுநாள் மனனமாயிருப்பவை இப்படித் தப்பி நிற்பதுண்டு என்று பிறகு அறிந்தேன். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த தாளில் ‘பயிற்சி செய்யவும்’ என்று ஒரே வரி. எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று சொல்வார் இல்லை. வீட்டிலோ அன்பு பெருக்கெடுத்தது. பெரியம்மா சோறு பிசைந்து ஊட்டினார்கள். மகன்மார் சட்டை மாட்டினார்கள். பேரன் தஸ்பீஹ் மணியை உருட்டினான். அவர் செய்ய வேண்டியதாக இமைப்பது ஒன்றுதான் மிஞ்சியது.

ஊட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. இடக்கையால் உண்பது தகாது என்று வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைக் கடிந்தவர் அவர். இப்போது தாமே இடக்கையால் உண்பதா என்ற கூச்சம். உதரம் உள்ளவருக்கு, அதாவது தக்க காரணம் உள்ளவருக்கு, அதில் குற்றமில்லை என்று நான் விளக்கினேன். அவர் கண் கலங்கினார், ஆனால் ஏற்கவில்லை. நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. வலக்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

பிறகு வந்த இளம் இயன்முறை மருத்துவர் ஒரு கரண்டியின் காம்பில் துணியைத் தடிமனாகச் சுற்றி, அதை அவருடைய வலக்கையில் வைத்து, இடக்கையால் அந்தக் கையைத் தாங்கச் சொன்னார். முதல் கவளம் தாடியில் விழுந்தது. பெரியம்மா ஓடிவந்தார்கள். மருத்துவர் கையை நீட்டித் தடுத்தார். அன்று பெரியம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

1950களின் இறுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதைப் போன்றதே. நியூயார்க்கில் பேராசிரியராக இருந்த பெத்ரோ பாக் இ ரீத்தா, கட்டலோனியக் கவிஞர், அறுபத்தைந்து வயதளவில் பக்கவாதம் கண்டு நடையும் பேச்சும் இழந்தார். மெக்ஸிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைய மகன் ஜார்ஜ் அவரைத் தம்மிடம் அழைத்துவந்தார். வழக்கமான சிகிச்சை நான்கு வாரங்களில் பெரிதாகப் பயன்தரவில்லை. மறுவாழ்வுச் சிகிச்சை பற்றி மகனுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை முதலில் தவழ்கிறது, பிறகுதான் நடக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆகவே தந்தையின் முழங்கால்களுக்கு மெத்தை கட்டி, தரையில் இறக்கி, வலுவிழந்த தோளைச் சுவரில் சாய்த்துத் தவழ வைத்தார். பிறகு தோட்டத்தில். அண்டை வீட்டார் பொறுக்கவில்லை. ஒரு பேராசிரியரை நாயைப் போல் ஊர வைக்கிறாயே என்றார்கள். மகன் நிறுத்தவில்லை. தரையில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டுப் பிடிக்கச் சொன்னார். பாத்திரம் கழுவும்போது நோயுற்ற கையால் கால் மணி நேரம் ஒரு திசையிலும் கால் மணி நேரம் எதிர்த் திசையிலும் தேய்க்கச் சொன்னார். ஓராண்டுக்குப் பின் பெத்ரோ மீண்டும் வகுப்பில் நின்று பாடம் நடத்தினார். ஏழு ஆண்டுகள் கழித்து கொலம்பியாவில் மலை ஏறிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார்.

அவருடைய மூளையை ஆராய்ந்தபோது அனைவரும் திகைத்தனர். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தே கிடந்தது. காயம் ஆறவில்லை. எஞ்சியிருந்த சிறு பகுதி, அழிந்ததன் வேலையையும் எடுத்துக்கொண்டிருந்தது. அவருடைய மூத்த மகன் பால், மூளையின் இந்த மாறும் தன்மையை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

தவழ்ந்தேனும் என்று கூஃபாவில் ரபீஃ (ரஹ்) சொன்னது வணக்கத்தின் ஆர்வத்தால். மெக்ஸிகோவில் ஒரு மகன் தந்தையைத் தவழவிட்டது வேறு வழி தெரியாததால். இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் மரியாதைக்குரிய பெரியவர் ஒருவர் கால் இழுபட, உடல் சரிய, பிறர் காண வருவதைப் பார்த்து, ‘இவருக்கு ஏன் இந்தச் சிரமம்’ என்று சொல்லும் குரல் இரண்டு இடத்திலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களே இறுதி நோயில் இருவர் தோளைப் பற்றி, பாதங்கள் தரையில் கோடிழுக்கப் பள்ளிக்கு வந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதில் இழிவு காண நம்மில் யார் துணிவோம்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேகம் மிகுந்தாலும் கேடு. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி நீண்ட நேரம் பயிற்சி தந்தால் நல்லதா என்று ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளில் 2,104 பேரிடம் ஆராய்ந்தார்கள். 2015இல் முடிவு வந்தது. மூன்று மாதங்களில் நன்கு தேறியவர்கள் அவ்வாறு செய்தவர்களில் 46 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 விழுக்காடு. எனவே முதல் நாள்களை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ ஓதிப்பார்ப்பதும் எண்ணெய் தேய்ப்பதும் பிறகு ஆகட்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே பொதுவான எல்லை. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். சாய்மானம் கொடுங்கள், அருகில் நில்லுங்கள், காத்திருங்கள். காத்திருப்பதுதான் வீட்டாருக்குக் கடினம்.

பெரியவாப்பா இப்போது வெள்ளிக்கிழமைகளில் தம் சட்டைப் பொத்தான்களைத் தாமே பூட்டுகிறார். ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகிறது. பெரியம்மா அந்நேரம் அடுக்களைக்குப் போய்விடுகிறார்கள். பார்த்தால் கை பரபரக்கிறதாம். ஊன்றுகோலோடு பள்ளிவாசல் வரை வந்துவிடுகிறார். ஹவ்ளுக்கு இறங்கும் மூன்று படிகளில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை, எப்போதும் வழுக்கும். ஜும்ஆவுக்குப் பின் நிர்வாகிகளிடம் பேசினேன். கைப்பிடிக் கம்பி போட ஒப்புக்கொண்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் வேண்டும் என்றேன். இறங்கும்போது இடக்கைக்கு ஒன்று, ஏறும்போது இடக்கைக்கு ஒன்று.